கலைக்காமல் விட்ட அணி

ஐஸ் ஹாக்கி அணியின் ஜெனரல் மேனேஜர் என்றதும் எல்லோருக்கும் டிரேட்தான் ஞாபகம் வரும். பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் டொரண்டோவில் விளையாட்டு வானொலியைத் திறந்தால் வேறு பேச்சே இருக்காது. யாரை விற்கலாம், யாரை வாங்கலாம், எந்த மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார் என்று நாள் முழுக்க ஓடும். இந்த ஆட்டத்தை நான் பார்க்கத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை எனக்கு மிகவும் பிடித்த நிர்வாக முடிவில் டிரேட் எதுவும் கிடையாது. 2019 ஏப்ரலில் டாம்பா பே லைட்னிங் அணியின் மேனேஜர் ஜூலியன் பிரிஸ்புவா எடுத்த முடிவு அது. அவமானகரமாகத் தோற்ற அணியைக் கலைப்பதில்லை என்று அவர் தீர்மானித்தார்.

ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் அந்த வருடங்களில் அணிகள் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள் ஆடும். 16 அணிகள் பிளேஆஃபுக்குத் தேறும். அங்கே ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர்; நான்கு ஜெயித்தால் அடுத்த சுற்று. நான்கு சுற்றையும் தாண்டினால் ஸ்டான்லி கோப்பை. ஆட்டத்தை நடத்துபவர் கோச். ஆட்களைச் சேர்ப்பது, சம்பளம் பேசுவது, கோச்சை வைப்பது, எடுப்பது எல்லாம் ஜெனரல் மேனேஜரின் வேலை. ஐபிஎல் மாதிரி மொத்தமாகக் கலைத்துப் போட்டு ஏலம் விடும் வழக்கம் இங்கே இல்லை. 18 வயதுப் பையன்களை டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றுகள்) எடுத்து, நான்கைந்து வருடம் காத்திருந்து, அவர்கள் ஆளாகும் நேரத்தில் ஒப்பந்தம் போட வேண்டும்.

அந்த ஒப்பந்தத்துக்கும் எல்லை உண்டு. முதலாளிகளும் வீரர்களும் மோதிக்கொண்டதில் 2004-05 பருவம் முழுவதும் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. அதற்குப் பிறகு சம்பள வரம்பு வந்தது. முதல் வருடம் அணிக்கு 3.9 கோடி டாலர், 2018-19இல் 7.95 கோடி. எவ்வளவு பெரிய பணக்காரர் அணியை வைத்திருந்தாலும் அதற்கு மேல் செலவழிக்க முடியாது. ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொருவரை விட வேண்டும். மேனேஜர் வேலையின் வலியெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

சரி, 2018-19க்கு வருவோம். டாம்பாவை எட்டு வருடமாகக் கட்டியெழுப்பிய ஸ்டீவ் ஐசர்மன், பருவம் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது, 2018 செப்டம்பரில் பதவியை விட்டு விலகினார். அவருக்குத் துணையாக இருந்த பிரிஸ்புவா அந்த நாற்காலிக்கு வந்தார். அணி எப்படிப்பட்டது என்றால், அந்த வருடம் 62 ஆட்டங்களை ஜெயித்தது. 1995-96இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் வைத்திருந்த சாதனைக்குச் சமம். நிகிதா குசெரோவ் கோலும் பாஸுமாக 128 புள்ளிகள் எடுத்தார். அவரும் கேப்டன் ஸ்டாம்கோஸும் பிரேடன் பாயின்ட்டும் ஆளுக்கு 40 கோலுக்கு மேல். ஆந்த்ரே வசிலெவ்ஸ்கி அந்த வருடத்தின் சிறந்த கோல்கீப்பர்.

முதல் சுற்றில் எதிரே வந்தது கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ். புள்ளிப் பட்டியலில் டாம்பாவுக்கு 30 புள்ளிகள் கீழே இருந்த அணி. அதுவரை ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட ஜெயித்ததில்லை. முதல் ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே டாம்பா 3-0 என்று முன்னே போனது. இரண்டாம் பகுதியில் கொலம்பஸ் ஒன்று திருப்பியது. மூன்றாம் பகுதியில் தடுப்பாட்டக்காரர் டேவிட் சவார்ட் தானே பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) கொண்டுபோய் ஒரு கோல் போட்டார். அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு. 4-3 தோல்வி. அடுத்த ஆட்டம் 5-1. கோபத்தில் எதிராளியைப் பனித்தளத்தைச் சுற்றியுள்ள பலகையில் இடித்ததற்காகக் குசெரோவுக்கு மூன்றாவது ஆட்டத்தில் தடை. தடுப்பாட்டத்தின் தூணான விக்டர் ஹெட்மனுக்குக் காயம். 3-1, அப்புறம் 7-3. ஏப்ரல் 16 அன்று எல்லாம் முடிந்தது. பருவத்தின் முதலிடத்துக்கான பிரசிடென்ட்ஸ் கோப்பையை வாங்கிய ஒரு அணி முதல் சுற்றிலேயே ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வெளியேறியது அதுதான் முதல் தடவை.

இப்படி ஒரு தோல்வி வந்தால் வழக்கமாக என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. கோச்சின் தலை உருளும். "இந்த அணிக்கு நெஞ்சுரம் இல்லை" என்று தொலைக்காட்சியில் பேசுவார்கள். நட்சத்திர வீரர் ஒருவரை விற்று, நாங்களும் ஏதோ செய்துவிட்டோம் என்று காட்டுவார்கள். புதிதாக வந்த மேனேஜருக்கு இந்த அழுத்தம் இன்னும் அதிகம். போன மேனேஜர் கட்டிய அணி, போன மேனேஜர் வைத்த கோச், கைகழுவுவது சுலபம். பிரிஸ்புவா அதைச் செய்யவில்லை. அவமானம் நேர்வதற்குச் சில வாரம் முன்புதான் கோச் ஜான் கூப்பருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தார். அந்த ஒப்பந்தம் நின்றது. குசெரோவ், ஸ்டாம்கோஸ், ஹெட்மன், பாயின்ட், வசிலெவ்ஸ்கி என்ற ஐவரில் ஒருவரும் அசையவில்லை. வசிலெவ்ஸ்கிக்கு அந்த ஜூலையிலேயே எட்டு வருட ஒப்பந்தம் போட்டார்கள்.

இதைப் பொறுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. 82 ஆட்டங்களில் தெரிந்ததை நம்புவதா, நான்கு ஆட்டங்களில் தெரிந்ததை நம்புவதா என்ற கேள்வி அவர் முன்னால் இருந்தது. 82ஐ நம்பினார். ஆனால் அந்த நான்கையும் தூக்கிப் போடவில்லை. பிளேஆஃபில் நடுவர்கள் விசிலைக் குறைத்து ஊதுவார்கள், இடம் சுருங்கும், அழகான பாஸ்கள் பாதியில் அறுபடும். அங்கே பலகையோரம் முட்டி மோதிப் பக்கை எடுத்து வரும் ஆட்கள் தேவை. டாம்பாவிடம் அந்த ஆட்கள் போதவில்லை. அடிமரத்தைத் தொடாமல் கிளையில் கைவைக்க வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். அதற்கு அவர் எடுத்த வழிதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் சுவையான பகுதி.

முதலில் பாயின்ட்டின் ஒப்பந்தத்துக்காகச் சம்பள வரம்பில் இடம் வேண்டியிருந்தது. 2019 ஜூனில் ஜே.டி. மில்லரை வான்கூவருக்கு அனுப்பினார்கள். மில்லர் நல்ல வீரர். பின்னால் வான்கூவரில் பெரிய நட்சத்திரமே ஆனார். அவருக்குப் பதிலாகக் கிடைத்தவற்றில் முக்கியமானது வான்கூவரின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமை. பார்த்தவர்களுக்கு நஷ்ட வியாபாரமாகத்தான் தெரிந்தது. பிரிஸ்புவா அந்த உரிமையைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். 2020 பிப்ரவரியில் அதையும் நோலன் ஃபுட் என்ற இளம் வீரரையும் நியூஜெர்சிக்குக் கொடுத்து பிளேக் கோல்மனை வாங்கினார். எட்டு நாள் கழித்துத் தன் அணியின் முதல் சுற்று உரிமையை சான் ஹோசேவுக்குக் கொடுத்து பார்க்லே குட்ரோவை வாங்கினார்.

இந்த இரண்டு பேரும் யார்? நட்சத்திரங்கள் இல்லை. மூன்றாவது லைனில், அதாவது மாறி மாறி இறங்கும் மூவர் கூட்டங்களில் மூன்றாவதில், ஆடுகிறவர்கள். எதிரணியின் நல்ல வீரர்களை ஆடவிடாமல் அடைத்து வைப்பதுதான் அவர்கள் தொழில். இப்படிப்பட்டவர்களுக்கு முதல் சுற்று உரிமையா என்று நிறையப் பேர் கேட்டார்கள். அவர்கள் சம்பளத்தைப் பார்த்தால்தான் கணக்கு புரியும். கோல்மனுக்கு வருடம் 18 லட்சம் டாலர். குட்ரோவுக்கு 9.25 லட்சம். இருவருக்கும் ஒப்பந்தத்தில் இன்னொரு வருடமும் பாக்கி இருந்தது. வரம்பில் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும் அணிக்கு இரண்டு பிளேஆஃபுக்கான இரண்டு ஆட்கள், முப்பது லட்சத்துக்கும் குறைவாக. டிராஃப்டில் எடுக்கும் பையன் பலன் தர நான்கு வருடம் ஆகும். ஹெட்மனுக்கும் ஸ்டாம்கோஸுக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது. பிரிஸ்புவா சட்டம் படித்தவர். மாண்ட்ரியல் அணியில் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து மேலே வந்தவர். கூப்பரும் ஹாக்கிக்கு வருவதற்கு முன் மிச்சிகனில் வழக்கறிஞராக இருந்தவர்தான். ஒரு தாளில் எழுதியிருப்பதைக் கடைசி வரிவரை படிக்கிற பழக்கம் இந்த அணியில் மேலிருந்து கீழ்வரை இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

பிறகு கொரோனா வந்து எல்லாம் நின்றது. ஆகஸ்டில் ரசிகர்களே இல்லாத அரங்குகளில் பிளேஆஃப் தொடங்கியபோது, முதல் சுற்றில் டாம்பாவுக்கு எதிரே மறுபடியும் கொலம்பஸ். ஆகஸ்ட் 11, முதல் ஆட்டம், டொரண்டோ. வழக்கமான நேரம் முடிந்து 2-2. ஓவர்டைம், இரண்டாவது ஓவர்டைம், மூன்றாவது, நான்காவது. அடுத்து அதே பனித்தளத்தில் நடக்க வேண்டிய பாஸ்டன் - கரோலினா ஆட்டத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். கொலம்பஸ் கோல்கீப்பர் யூனாஸ் கோர்பிசாலோ 85 பக்குகளைத் தடுத்தார். பிளேஆஃபில் அதற்கு முன் யாரும் அத்தனை தடுத்ததில்லை. ஐந்தாவது ஓவர்டைமில் பாயின்ட் கோல் போட்டு முடித்தார். நூற்றைம்பது நிமிடத்துக்கு மேல் நடந்த ஆட்டம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நினைத்ததெல்லாம் இதுதான்: ஒரு வருடம் முன்பு இந்த அணி 3-0 முன்னிலையைக்கூடக் காப்பாற்ற முடியாமல் உடைந்தது, இன்று இதே ஆட்கள், இதே கோச், இதே எதிரணி. அவர்களுக்குக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. அந்த வருடத்தைக் கொடுத்தவர் மேனேஜர்.

தொடரை 4-1 என்று ஜெயித்தார்கள். செப்டம்பர் 28 அன்று எட்மன்டனில் டல்லாஸை 2-0 என்று தோற்கடித்துக் கோப்பையை எடுத்தார்கள். முதல் கோல் பாயின்ட். இரண்டாவது கோல் கோல்மன். மில்லரை விற்றதில் வந்த உரிமை ஒன்றரை வருடத்துக்குள் கோப்பை ஆட்டத்தில் கோலாக மாறியிருந்தது.

அடுத்த வருடமும் அதே கதை, இன்னும் நெருக்கமாக. நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் 1-0. அந்த ஒரே கோலைப் போட்டவர் கோல்மனுக்கும் குட்ரோவுக்கும் நடுவில் ஆடும் யானி கூர்ட், அதுவும் டாம்பா ஒரு ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தபோது. டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ஆள் அவர். இறுதித் தொடரில் மாண்ட்ரியலுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில், இரண்டாம் பகுதி முடியும் கடைசி நொடியில் குட்ரோ தள்ளிவிட்ட பக்கை கோல்மன் அந்தரத்தில் பாய்ந்து வலைக்குள் தட்டினார். ஐந்தாவது ஆட்டம் மறுபடி 1-0. ராஸ் கோல்டன் போட்ட அந்தக் கோலுக்குப் பாஸ் கொடுத்தவர் டேவிட் சவார்ட். ஆமாம், 2019இல் டாம்பாவைச் சாய்த்த அந்த முதல் ஆட்டத்தில் கோல் போட்ட அதே சவார்ட்தான். 2021 ஏப்ரலில் பிரிஸ்புவா அவரை வாங்கியிருந்தார்.

2021 கோப்பையில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். இடுப்பு அறுவை சிகிச்சையால் குசெரோவ் அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. நீண்டகாலக் காயம் என்று பதிவு செய்தால் அவர் சம்பளத்தின் அளவுக்கு வரம்பைத் தாண்டலாம். பிளேஆஃபுக்கு வரம்பே கிடையாது. பிளேஆஃப் தொடங்கிய அன்று குசெரோவ் திரும்பி வந்தார். மற்ற எல்லோரையும்விட அதிகப் புள்ளி எடுத்தார். விதிப்படி சரி. காயமும் உண்மைதான். ஆனால் விதியில் ஓட்டை இருப்பது தெரிந்தே அதை முழு அகலத்துக்குப் பயன்படுத்தினார்கள். 2025-26 முதல் பிளேஆஃபிலும் வரம்பு உண்டு என்று விதி மாறியிருப்பது நல்லதென்றே நினைக்கிறேன். பிரிஸ்புவாமேல் எனக்கு இருக்கும் மதிப்பு இதனால் குறையவில்லை. அந்தக் கோப்பையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

இந்த மனப்பாங்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் டெட்ராய்டில் போய் நிற்கும். டாம்பா சமன்செய்த 62 வெற்றிச் சாதனையை வைத்த 1995-96 ரெட் விங்ஸின் கேப்டன் ஐசர்மன்தான். அந்த அணியும் அந்த வருடம் கோப்பையை எடுக்கவில்லை, கொலராடோவிடம் தோற்றது. அதற்கு முந்தைய வருடம் இறுதித் தொடரில் நியூஜெர்சியிடம் நாலுக்கு பூஜ்யம். இடையில் ஐசர்மனையே ஒட்டாவாவுக்கு விற்கப் போகிறார்கள் என்ற பேச்சும் அடிபட்டது. விற்கவில்லை. 1996 அக்டோபரில் பிரெண்டன் ஷனஹன் என்ற முரட்டு ஆட்டக்காரரை வாங்கிச் சேர்த்தார்கள். 1997, 1998 இரண்டு வருடமும் கோப்பை. தான் விற்கப்படாமல் தப்பியதையும், ஒரே ஒரு சரியான ஆள் வந்ததும் என்ன நடந்தது என்பதையும் உள்ளிருந்து பார்த்தவர் ஐசர்மன். பிறகு டெட்ராய்ட் நிர்வாகத்திலேயே நான்கு வருடம் தொழில் கற்றுக்கொண்டு 2010இல் டாம்பாவுக்கு வந்தார். குசெரோவை 58ஆவது ஆளாக, பாயின்ட்டை 79ஆவது ஆளாக டிராஃப்டில் எடுத்தது அவர் காலத்தில். பிரிஸ்புவாவையும் அவர்தான் அழைத்து வந்தார்.

இனி டொரண்டோ. அந்த ஷனஹன்தான் 2014இலிருந்து 2025 வரை டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸின் தலைவர். அவரும் கலைக்கவில்லை. ஆஸ்டன் மேத்யூஸ், மிட்ச் மார்னர், வில்லியம் நைலாண்டர், ஜான் டவாரெஸ் என்ற நால்வரை வைத்துக்கொண்டு வருடா வருடம் அதே நம்பிக்கையோடு வந்தார். கோச்சுகள் மாறினார்கள், மேனேஜர் கைல் டூபஸ் 2023இல் போனார், நால்வர் இருந்தார்கள். ஒன்பது பிளேஆஃபில் இரண்டே இரண்டு தொடர்கள்தான் ஜெயித்தார்கள். 1967க்குப் பிறகு இந்த ஊருக்குக் கோப்பை வரவில்லை. டாம்பாவைப் பார்த்துப் பொறுமையைப் பாராட்டும் நான் டொரண்டோவின் பொறுமையை மட்டும் ஏன் குறை சொல்கிறேன்?

2019 செப்டம்பரைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அந்த மாதம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. முந்தைய பருவத்தில் 94 புள்ளிகள் எடுத்த மார்னருக்கு டொரண்டோ ஆறு வருடம், வருடத்துக்குச் சுமார் 1.09 கோடி டாலர் கொடுத்தது. 92 புள்ளிகள் எடுத்த பாயின்ட்டுக்கு டாம்பா மூன்று வருடம், வருடத்துக்கு 67.5 லட்சம். டாம்பா இருக்கும் ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை என்பது ஒரு காரணம். ஒப்பந்தம் குறுகியது என்பது இன்னொன்று. அதோடு, டாம்பாவில் கேப்டன் ஸ்டாம்கோஸே 85 லட்சத்துக்கும், ஹெட்மன் 78.75 லட்சத்துக்கும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி ஒரு இளைஞன் கேட்பது கஷ்டம். டொரண்டோவில் டவாரெஸுக்கு 1.1 கோடி கொடுத்த அன்றே அடுத்தவர்களின் விலை நிர்ணயமாகிவிட்டது. நால்வருக்கும் சேர்த்து ஏறக்குறைய நான்கு கோடி, அதாவது மொத்த வரம்பில் பாதி. பொறுமையாக இருக்கலாம், ஆனால் கோல்மனையும் குட்ரோவையும் வைத்துக்கொள்ளும் இடத்தை வருடா வருடம் நால்வரின் சம்பளம் தின்றுவிட்டது. 2022 மே 14 அன்று டொரண்டோவிலேயே நடந்த ஏழாவது ஆட்டத்தில் டாம்பா 2-1 என்று ஜெயித்தபோது இரண்டு கோலையும் போட்டவர் நிக் பால். எட்டு வாரம் முன்பு ஒட்டாவாவிலிருந்து வாங்கிய ஆள். வலித்தது.

டாம்பாவின் வழி எப்போதும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். 2021 கோடையிலேயே அந்த மூன்றாவது லைன் மொத்தமும் போய்விட்டது: கூர்ட்டைப் புது அணியான சியாட்டில் எடுத்துக்கொண்டது, கோல்மன் கால்கரிக்கும் குட்ரோ நியூயார்க்குக்கும் போனார்கள். 2022 இறுதித் தொடரில் கொலராடோவிடம் தோல்வி. 2023இல் டேனர் ஜீனோ என்ற வீரருக்காக ஐந்து டிராஃப்ட் உரிமைகளைக் கொடுத்தார் பிரிஸ்புவா. கோல்மனுக்குச் செய்த அதே கணக்கு. இந்த முறை பலிக்கவில்லை, அடுத்த வருடமே ஜீனோவை விட்டுவிட்டார்கள். 2023, 2024, 2025 மூன்று வருடமும் முதல் சுற்றிலேயே தோல்வி. அதற்குப் பிறகும் கூப்பர் தன் வேலையில் தொடர்ந்தார். வேறு எந்த ஊரில் இது நடந்திருக்கும்?

ஆனால் ஸ்டாம்கோஸை விட்டார்கள். 2008 டிராஃப்டில் முதல் ஆளாக வந்தவர், பத்து வருடம் கேப்டன், 2020 இறுதித் தொடரில் காயத்தோடு மூன்று நிமிடம்கூட ஆடாமல் அதற்குள் ஒரு கோல் போட்டுவிட்டு உட்கார்ந்தவர். 2024 ஜூலை 1 அன்று அவர் நாஷ்விலுக்குப் போனார். அதே நாளில் டாம்பா ஜேக் கென்ட்ஸலுக்கு வருடம் 90 லட்சத்துக்கு ஏழு வருட ஒப்பந்தம் போட்டது. 2019இல் எல்லோரும் வெட்டு என்றபோது வெட்டாதவர், யாருமே கேட்காதபோது வெட்டினார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த பருவத்தில் கென்ட்ஸல் 41 கோல், ஸ்டாம்கோஸ் 27. கணக்கு பிரிஸ்புவா பக்கம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டாம்கோஸை இன்னும் இரண்டு வருடம் வைத்திருந்து, அந்தச் செலவில் இன்னொரு முதல் சுற்றுத் தோல்வி வந்திருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கும் ரசிகர்களில் நானும் ஒருவன். அவர் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்க மாட்டேன்.